மரத்தூள் அடைத்த ஷட்டர்

நேற்று மகன் தன் புது வீட்டுக் கார் ஷெட்டுக்குக் கதவு பார்க்க ஒரு கடைக்காரரை வரவழைத்திருந்தான். அவர் மாதிரித் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். இரண்டு தகடு, நடுவே வெள்ளை நுரை. "வெயில் உள்ள எறங்காதுங்கம்மா" என்றார். நான் விரலை மடக்கித் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டேன். "அப்பாவாட்டவே தட்டறீங்கம்மா" என்று மகன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் இருந்தவரை உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று நினைவுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் நடுவில் இருக்கும். போலியோவில் கால் முடங்கிய நம் மகளைப் படியில் தூக்கி இறக்காமல் காரில் ஏற்றுவதற்காக, அவள் அறையை ஒட்டியே ஷெட் கட்டினீர்கள். ஆடிக் காற்றில் ஒருநாள் மரக்கதவு அடித்து அவள் விரல் நசுங்கியது. அன்றே கதவைக் கழற்றிப் போட்டீர்கள். இனி மேலே சுருளும் ஷட்டர்தான் என்றீர்கள். ஆனால் மேற்குப் பார்த்த வாசல். வெறும் தகடு மாட்டினால் ஷெட்டின் சூடு அவள் அறைக்குள் இறங்கி, பங்குனியில் பிள்ளை வெந்துபோவாள்.

கோயமுத்தூரில் ஷட்டர் பட்டறையில் வேலை பார்த்த என் தம்பி, "ரெட்டைத் தகடு மச்சான். நடுவுல தக்கை அடைச்சுத் தர்றமுங்க. சூடு தாண்டாது" என்றான்.

நீங்கள் நம்பவில்லை. மாட்டின் பல்லைப் பார்த்த பிறகும் சந்தையில் அதை ஒரு சுற்று நடத்திப் பார்க்கிறவர் நீங்கள். அவன் கொடுத்த மாதிரித் துண்டையும் ஒரு வெறும் தகட்டையும் வெயிலில் நிறுத்தி, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மெழுகுவர்த்தி வைத்தீர்கள். வெறும் தகட்டின் பின்னால் இருந்தது மதியத்துக்குள் குனிந்துவிட்டது. மற்றது நிமிர்ந்தே நின்றது. அப்போதும், "மாதிரி நல்லாத்தான் இருக்கும். வர்ற கதவு இப்படியே இருக்கும்னு யாரு கண்டா?" என்றீர்கள். அரைமனதோடுதான் சரி சொன்னீர்கள்.

நீங்கள் வயலுக்குப் போயிருந்த ஒரு காலையில் தம்பி வந்தான். தக்கை கிடைக்கவில்லையாம். பட்டறையில் மரத்தூளைக் காயவைத்து அடைக்கிறார்களாம்.

"அதுவும் சூடு தாங்குமுங்கக்கா. மச்சாங்கிட்டச் சொல்லிப்போடறேன்."

"வேண்டாம். சொன்னா கதவே வேண்டாம்னுடுவாரு. புள்ள இன்னொரு வெயிலுக்கும் அந்த ரூம்புல கெடந்து வேகோணுமா?"

"உங்க இஷ்டமுங்கக்கா" என்று போய்விட்டான்.

மாநில எல்லை தாண்டி நம் ஊருக்கு வர வேண்டிய லாரி, வாளையார் சோதனைச் சாவடியில் ஒரு நாள் கிடந்து வந்தது. கதவு ஏறியது. பங்குனி உச்சி வெயிலில் மகள் உள்பக்கம் கையை வைத்துப் பார்த்து, "சுடலீங்கப்பா" என்றாள். அவளோடு நீங்களும் கை வைத்துப் பார்த்தீர்கள். அத்தோடு விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்களோ தினமும் ஷட்டரின் தகட்டுப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நீங்கள் ஷெட்டிலிருந்து கையை மூடிக்கொண்டு வந்து, அவன் முன்னால் விரித்தீர்கள். அடிப்பட்டையின் ஓர மூடியைக் கழற்றியிருந்தீர்கள்.

"இதென்ன மாப்ளே?"

அவன் என்னை ஒருமுறை பார்த்தான். நான் குழம்புச் சட்டியோடு நின்றிருந்தேன்.

"மரத்தூளுங்க மச்சான்."

"நீ சொன்னது தக்கையல்லோ?"

"ஆமாங்க. தப்புத்தானுங்க."

இன்னொரு முறை என் பக்கம் திரும்பவில்லை அவன். வாயைத் திறக்க எனக்கு நேரம் இருந்தது. சட்டியைக் கீழே வைத்தேன், அவ்வளவுதான். நீங்கள் கத்தவில்லை. "சாப்பிட்டுட்டுப் போ" என்றீர்கள். அவன் பாதியில் கை கழுவிப் போனான். அதன்பின் நம் வீட்டுப் படி ஏறவில்லை.

கதவில் கரையான் பிடிக்கும் என்று வருடாவருடம் மூடியைக் கழற்றிப் பார்த்தீர்கள். பிடிக்கவில்லை. "தூளு நல்லாத்தான் வேலை செய்யுது. ஆளுதான் செரியில்லை" என்றீர்கள் ஒருதரம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முறத்தில் இருந்த அரிசியில் கல் தேடிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் போன அன்று முதல் ஆளாக வந்தவன் அவன்தான். உங்கள் காலடியில் நின்றுவிட்டு என்னிடம் வந்து, "கடைசி வரைக்கும் சொல்லலியாக்கா?" என்று கேட்டான். இல்லையென்று தலையசைத்தேன். "செரி, உடுங்க" என்றான். பாடையை அவனும் சுமந்தான்.

கடைக்காரனை, தரகனை, தராசை, ஒட்டின உறவை, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தீர்கள். மரத்தூளைக் கையில் ஏந்தி நின்ற அன்றுகூட, பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருடமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். அதையும் இப்போது நான் நம்பவில்லை.