வெறும் நீர்தானாம்

பிரியா,

லோடு ஏற்றுவதை மேற்பார்க்கத் தோப்புக்குப் போகிறேன். மாங்காய்ப் பெட்டி எதையும் தூக்க மாட்டேன், பயப்படாதே. மச்சான் வந்தால் இட்லி கொடு, ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் காட்டாதே.

விரை வீக்கத்தைப் பெட்டி தூக்கிக் குடல் இறங்கியது என்று உன்னிடம் சொல்லிச் சமாளித்தேன். மனதுக்குள் புற்று என்றே முடிவுகட்டியிருந்தேன். "பொம்பள டாக்டரு முன்னால வேட்டிய அவுக்கச் சொல்றயா?" என்று கத்தியும் நீ விடவில்லை. கட்டி இல்லை, சுற்றிலும் வெறும் நீர்தான் என்று நேற்று ஸ்கேன் பார்த்துச் சொன்னதும் அந்த டாக்டரம்மாதான். உன் முகத்தைப் பார்த்து நன்றி சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மோகன்

பி.கு.: போன மாதம் கிணற்று மோட்டார் போடக் கற்றுக்கொடுத்தபோது, "எனக்கெதுக்குங்க இதெல்லாம்?" என்று கேட்டாய். நான் போய்ச் சேர்ந்துவிட்டால் நீதானே தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்றுதான். இனி நீ அதைத் தொட வேண்டாம். பத்து மணிக்குக் கரண்ட் வந்ததும் நானே வந்து போடுகிறேன்.