திரைக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டுவலி தேவலையா?

மோசே போட்ட ஆசரிப்புக் கூடாரத்தை ஒரு கண்காட்சிக்காக அதே அளவில் தைக்கிறோம். அதன் உள்ளறையான மகா பரிசுத்த ஸ்தலத்தின் திரை ரொம்பக் கனம். நான் வெளியிலிருந்து ஊசியைக் குத்துவேன். கூட்டாளி உள்ளேயிருந்து இழுத்துத் திருப்பிக் குத்துவார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

நேற்று மதியம் வேலை மளமளவென்று ஓடியது. ஓரம் முடிகிற நேரத்தில் கூட்டாளி என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"நான் அப்பவே டீ குடிக்கப் போயிட்டேனே! யாருய்யா உனக்கு ஊசி திருப்பினது?"

திரையைத் தூக்கிப் பார்த்தோம். உள்ளே யாரும் இல்லை. அந்தப் பக்கத் தையல் என் தையலைவிட நேராக இருந்தது.

பயப்படாதீர்கள், நன்றாகச் சாப்பிடுகிறேன். ஜனங்கள் நடுவில் தங்கத்தான் கடவுள் கூடாரம் கேட்டார் என்பீர்கள். கட்டி முடிக்கும்வரை காத்திருக்க மாட்டார் என்று சொல்லவேயில்லையே!

கூட்டாளி இனி அங்கே உட்கார மாட்டேன் என்று போய்விட்டார். மீதித் திரைக்கு நான் மட்டும்தான். உங்கள் தையல் பெட்டியில் விரலில் மாட்டும் தகர மூடி இருக்குமே, அனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, போகிறேன்.

உங்கள் மகன்.

மூடி இரண்டாக அனுப்புங்கள், அம்மா.