மூன்று கோழிகளும் ஒரு நாற்காலியும்

தார்ன்பிரிட்ஜ்,
1664, ஏப்ரல் 25, புனித மாற்கு திருநாள்.

என் அருமை மகள் ஏவிஸுக்கு,

அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் நல்ல சுகம். லண்டனில் நீயும் உன் எஜமானி வீட்டாரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். கையெழுத்து மாறியிருக்கிறதே, அம்மாவுக்கு என்னவோ ஏதோ என்று பதறாதே. இத்தனை நாளும் எனக்காக எழுதிக்கொடுத்த கோயில் எழுத்தர் டிபட்டுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டது. போன கடிதத்தில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறிக்கிடந்தது என்று நீயே எழுதியிருந்தாய். இப்போது நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். அவர் யார் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் மீதியை நீ நிதானமாகப் படிக்க மாட்டாய்.

வண்டிக்காரர் ஹாக்கிடம் இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையும் ஒரு பானைத் தேனும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்த நிலக்கரிப் புகை ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்காதே. தேன் உனக்குத்தான், உன் எஜமானியின் பிள்ளைகளுக்கு இல்லை.

போன செப்டம்பரில் கான்ஸ்டபிள் முறை நம் வீட்டுக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துச் சிரித்ததில் எஜமானியின் தட்டு ஒன்றை உடைத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே, அந்த வேலை வீட்டு வரிசைப்படி வருகிறது. வீட்டில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. எனக்குப் பதிலாக வரச்சொல்லி யாரைக் கேட்டாலும் அன்றைக்கே அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நமக்கு முந்தைய வீடு ரால்ஃப் ஸ்டபிங்குடையது, அதனால் போன வருடம் அவர்தான் கான்ஸ்டபிள். கான்ஸ்டபிள் கோலையும் கைதிகளை அடைக்கும் கொட்டடியின் சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டு, "பொம்பளை கையில கோலா? ஊரு உருப்பட்டாப்லதான்!" என்று சந்தை நடுவில் நின்று சிரித்தார். அந்தக் கோபத்தில்தான் நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இதுவரை ஓடிப்போன பன்றிகள் நாலு, குடித்துவிட்டுப் புரண்டவர்கள் ஏழு பேர் என்று பிடித்துக் கட்டியிருக்கிறேன்.

இனிமேல்தான் நிஜமான செய்தி. மார்ச் கடைசியில் ஸ்டபிங்கின் கோழிகள் மூன்று காணாமல் போயின. அன்றைக்கு விடிந்ததும் பார்த்தால், அவர் வைக்கோல் கொட்டகையில் வெளியூர் ஆள் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். மேல்சட்டையில் ஓர் இறகு ஒட்டியிருந்தது. அவ்வளவு போதாதா ஸ்டபிங்குக்கு? கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வந்துவிட்டார். "இந்தாம்மா கான்ஸ்டபிளு, உன் திருடன்! என் கோழிய முழுங்கிட்டு என் வைக்கோல்லயே ஏப்பம் விட்டுக் கிடக்கான். கொட்டடியில போட்டுப் பூட்டு!" என்று கத்தியதில் நம் கடைக்கு மெழுகுவர்த்தி வாங்க வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள்.

அந்த ஆளின் பெயர் ஆம்ப்ரோஸ் ஃபென். நாற்பத்தைந்து வயதிருக்கும், மனைவியை இழந்தவர். வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளியை மூடிவிட்டதால் வேலை தேடி நடந்தே வந்திருக்கிறார். எந்த ஊர்க்காரர் என்று காட்டும் ஊர்ச் சீட்டு எதுவும் கையில் இல்லை. கோழித் திருட்டுக்கு என்ன தண்டனை என்று உனக்குத் தெரியும். வண்டியின் பின்னால் கட்டி, சந்தை முழுக்க ரத்தம் வரச் சாட்டையால் அடித்து, ஊர் எல்லையில் கொண்டுபோய்த் தள்ளுவார்கள். அந்தச் சாட்டையைப் பிடிக்க வேண்டியவர் கான்ஸ்டபிள். அதாவது நான். ஈயைக்கூடத் துணியால் ஓட்டுகிறவள் நான், ஏவிஸ்.

கொட்டடியில் பூட்டவும் வழியில்லை. ஸ்டபிங்கின் வருடத்திலேயே அதன் கூரை இடிந்து உள்ளே விழுந்துவிட்டது. செப்பனிட வேண்டியவர் அவர்தான், செய்யவில்லை. அதனால் பழைய வழக்கப்படி கைதியை நம் வீட்டிலேயே, மெழுகுவர்த்திக்குக் கொழுப்பு உருக்குகிற அறையில் வைத்தேன். காலைக் கயிற்றால் கட்டினேன். அந்த மனிதர் குனிந்து பார்த்துவிட்டு, "கான்ஸ்டபிளம்மா, இது பன்றிக்குப் போடற முடிச்சு. அவுந்துடும். நான் வேணா ஒழுங்கா ஒண்ணு போட்டுத் தரட்டா?" என்று கேட்டார். எங்கே போகப்போகிறீர் என்றேன். "எங்கயும் இல்ல. வெளியில மழை பெய்யுது" என்றார்.

நீதிபதி சர் ஜெர்வேஸுக்கு அப்போது பார்த்துக் கால் வீங்கிவிட்டது. விசாரணை நாலு வாரம் தள்ளிப்போனது. ஆனால் குற்ற அறிக்கையைக் கான்ஸ்டபிள் உடனே எழுதி அனுப்பியாக வேண்டும். எனக்கு எழுதத் தெரியாது, டிபட்டுக்குக் கண் தெரியாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பங்கரையில் விழித்துக்கொண்டு நின்றேன். "குடுங்கம்மா, நானே எழுதறேன்" என்றார் கைதி.

ஆமாம், மகளே. தன்மேல் உள்ள குற்றத்தைத் தானே எழுதினார். அதுவும் எவ்வளவு அழகாக! ஸ்டபிங் சொன்னது ஒரு சொல் விடாமல் எல்லாம் அதில் இருந்தது. கோழி மூன்று, வைக்கோல் கொட்டகை, இறகு ஒன்று. கடைசியில், "பார்த்தால் நல்ல மனிதராகத் தெரிகிறது" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது சாட்சியில இல்லையேம்மா. சாட்சி இல்லாத எதையும் நான் எழுத மாட்டேன்." நான் கோலைத் தூக்கி அதட்டினேன். அப்போதும் எழுதவில்லை. அவருடைய நன்மைக்குத்தானே சொல்கிறேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ராத்திரி படுத்தபின் யோசித்துப் பார்த்தேன். இப்படி ஒருவர் பிறர் கோழியைத் தொடுவாரா?

இந்தக் கடிதத்தையும் எழுதுவது அவர்தான் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும். மேலே "எவ்வளவு அழகாக" என்ற இடத்தை எழுத மாட்டேன் என்று தகராறு செய்தார். நான் சொன்னதற்கு நானே சாட்சி என்றேன், எழுதினார்.

விசாரணை போன வியாழக்கிழமை நடந்தது. சத்திரத்து மாடியில் கால் வைக்க இடமில்லை. ஸ்டபிங் வேதப் புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார். "மூணுக்கும் இடது கால்ல சிவப்புக் கம்பளி நூல் கட்டியிருக்கு துரை. என் சம்சாரம் கையால கட்டினது. எங்க பார்த்தாலும் என் கோழின்னு தெரிஞ்சுடும்." அதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுதுகிற இவர் முதுகு அன்றைக்குத் தப்பியிருக்காது. ஆனால் அவருக்கு என்மேல் வன்மம். "இந்தம்மா திருடனக் கொட்டடியில போடாம வீட்டுல வச்சு சூப்பு ஊத்திட்டு இருக்கு. கொட்டடி எதுக்கு இருக்கு துரை?" என்று என்பக்கம் திரும்பினார். கூரை இடிந்து கிடக்கிறது என்றேன். "பொய்! நான் ஒப்படைச்சப்போ நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா கதவத் திறக்கச் சோம்பேறித்தனம்" என்றார்.

சர் ஜெர்வேஸ் கைத்தடியை ஊன்றி எழுந்தார். "வாங்க, பார்த்துடுவோம்" என்று சொல்ல, ஊரே அவர் பின்னால் கொட்டடிக்குப் போனது. சாவி துருப்பிடித்துத் திரும்பவில்லை. என் ஏப்ரனில் எப்போதும் ஒட்டியிருக்கும் கொழுப்பை வழித்துப் பூட்டில் தடவினேன். கதவு முனகிக்கொண்டு திறந்தது.

உள்ளே இருந்து ஒரு கோழி, கொக்கொக்கென்று திட்டிக்கொண்டே வெளியே வந்தது. அதன் பின்னால் ஒன்பது குஞ்சுகள். மூலையில் விழுந்து கிடந்த கூரை வைக்கோலில் இன்னும் இரண்டு கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. பின்சுவரில் கல் பெயர்ந்து ஒரு துவாரம். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டபிங்கின் பார்லிக் கிடங்கு. சிந்திய தானியத்தைத் தின்றுவிட்டு, ஸ்டபிங் செப்பனிடாத கொட்டடியில் ஸ்டபிங்கின் கோழிகள் ராஜபோகமாக இருந்திருக்கின்றன. மூன்றுக்கும் இடது காலில் சிவப்பு நூல்!

ஊரே ஸ்டபிங்கைத் திரும்பிப் பார்த்தது. பிறகு சர் ஜெர்வேஸ், "ஏன்யா ஸ்டபிங்கு, திருட்டுப் போன சாமானு நாலு வாரமா கொட்டடியிலதான்யா இருக்கு!" என்று சிரித்தார் பார், சிரிப்பில் வீங்கிய காலைத் தரையில் ஓங்கி மிதித்துவிட்டு ஐயோ என்று அலறினார். அலறிக்கொண்டே சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கோலைக் கீழே போட்டுவிட்டு ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டேன். சாட்டையைத் தொடவேண்டாம் என்று ஆகிவிட்டதே, அந்த நிம்மதியை எப்படிச் சொல்வேன்.

தீர்ப்பு அங்கேயே ஆனது. இவர் விடுதலை. மே கடைசியில் வரும் விட்சன் திருநாளுக்குள் ஸ்டபிங் தன் கையாலேயே கொட்டடிக் கூரையை வேய்ந்து முடிக்க வேண்டும். "கோழி மூணும் உனக்கு. ஆனா கொட்டடியில பொறந்ததுக எல்லாம் கான்ஸ்டபிள் காவலு" என்று குஞ்சுகளை என்னிடம் கொடுத்துவிட்டார் சர் ஜெர்வேஸ். ஒன்பதும் இப்போது நம் அடுப்பங்கரையில்தான். மேலே மூன்றாவது வரியில் இருக்கும் கறை அவற்றில் ஒன்று செய்த வேலை, கோபிக்காதே. ஸ்டபிங் தினமும் ஏணியில் ஏறி வைக்கோல் வேய்கிறார். நான் கோலோடு அந்தப் பக்கம் போய், "இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்று சொல்லிவிட்டு வருகிறேன். பாவம் என்றுகூடத் தோன்றுகிறது. ஆனாலும் போகாமல் இருக்க முடியவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. சீட்டில்லாத வெளியூர்க்காரர் இங்கே தங்கக்கூடாது என்று கோயில் பொறுப்பாளர்கள் சொன்னார்கள். வீட்டுக்காரர் யாராவது பிணை நின்றால் விட்சன் திருநாள்வரை இருக்கலாமாம். நான் நிற்கிறேன் என்று கோலைத் தூக்கினேன். டிபட்டின் எழுத்தர் வேலையை இவருக்குத் தரப் பாதிரியாருக்கு ஆசைதான். ஆனால் அதற்கு இந்த ஊரில் சொந்தமாக ஒரு குடித்தனம் வேண்டும். இல்லையென்றால் மே மாதக் கடைசியில் இவர் மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

ஏவிஸ், இங்கேதான் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் நீ லண்டனுக்கு வண்டி ஏறிய காலையில், ஜன்னலோரம் இருக்கும் உன் அப்பாவின் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டு, "அம்மா, இதுல யாரையும் உக்காரவிடாத" என்று அழுதாய். விடவில்லை. பாதிரியாரே வந்தபோதும் பெஞ்சைத்தான் காட்டினேன். இப்போது இவர் அடுப்போரம் உப்புப் பெட்டிமேல் குந்திக்கொண்டு, முழங்காலில் பலகையை வைத்து, கண்ணை இடுக்கி எழுதுகிறார். நல்ல வெளிச்சம் ஜன்னலோரம்தான் இருக்கிறது. அங்கே போய் உட்காருங்கள் என்று என் நாக்கு நுனிவரை வருகிறது. உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன்.

அந்த நாற்காலியில் இவரை உட்காரச் சொல்லட்டுமா, மகளே? என்றைக்குமாக.

உன் அப்பாவை நான் மறக்கவில்லை. வத்தி முக்கும்போதெல்லாம் அவர் கை என் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் வீட்டில் பேச ஒரு குரல் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். நீ வேண்டாம் என்று எழுதினால், இவருக்கு வழிக்கு ரொட்டி கட்டிக்கொடுத்து அனுப்பிவிடுவேன். உன்மேல் ஒரு சொல் குறைபட மாட்டேன். சரி என்று எழுதினாலோ, கல்யாணமானதும் நம் வீட்டுக்கு ஆண் இவர் என்றாகிவிடும், மீதி வருடத்துக்குக் கான்ஸ்டபிள் கோலும் இவர் கைக்குப் போகும். ஸ்டபிங்கின் முகத்தைக் காண நீ லண்டனிலிருந்து வந்துதான் ஆகவேண்டும்.

இவரிடம் இதுவரை நான் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உனக்குச் சொல்லும்போதுதான் இவர் காதிலும் விழுகிறது. நாற்காலி என்றதுமே பேனா நின்றுவிட்டது. "கான்ஸ்டபிளம்மா, இதையும் எழுதணுமா?" என்று கேட்டார். எழுதுங்க என்றேன். காது நுனிவரை சிவந்துபோய், தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக, "இவருக்கும் இதில் முழுச் சம்மதம்" என்று எழுதச் சொன்னேன். சாட்சி இல்லாத ஒரு சொல்லையும் எழுதாதவர். மறுபேச்சு பேசாமல் எழுதிவிட்டார்.

இனி நீ சொல்ல வேண்டியதுதான் பாக்கி. ஹாக் திரும்பி வரும் வண்டியில் ஒரே ஒரு வரி கொடுத்தனுப்பு, கண்ணே. கர்த்தர் உன்னைக் காப்பாராக. மார்புக்குத் தேன் தடவாதே, குடி.

உன் பதிலுக்காகத் தெருமுனையில் வந்து நிற்கப்போகும்,
உன் அம்மா,
உர்சுலா கிரேக்.
தார்ன்பிரிட்ஜ் கான்ஸ்டபிள், இப்போதைக்கு.