மடுவோரம் நட்ட பலகை

மார்ச் 3, ஞாயிறு

இன்றும் ஆற்றின் மேற்பக்கம் மீன்களுக்குப் புழு விருந்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். நகராட்சியில் என்னோடு புல் வெட்டும் வெள்ளைக்கார டாரல், கீழே மடுவில் நாலு பிடித்திருந்தான். “மடுவுக்கு வாடா லெஸ். மீனைக் கண்டா பயமா?” வழக்கம்போல ஒன்றைக் கொடுத்தான். வழக்கம்போல வாங்கிக்கொண்டேன்.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் ஆட்கள் அந்த மடுவில் தூண்டில் போடுவதில்லை. வண்டியில் கடந்தால் கண்ணாடியை ஏற்றிவிடுவோம். டாரல் திட்டுவான்: “காத்து வரட்டும்டா!”

மார்ச் 8

பள்ளியில் மீன்பிடிப் போட்டி. மடுவில். என் மகள் கைலா பேர் கொடுத்துவிட்டாள். “அங்கே மீன் அப்பாக்களைக் கடிக்கும்” என்று பன்னிரண்டு வருஷம் சமாளித்தேன். இனி?

மார்ச் 9

கைலாவிடம் சொல்லிவிட்டேன். வேடிக்கை எதுவும் கலக்காமல்.

யாரோ ஒரு மாட்டைக் கொன்றதற்காக, விடியற்காலையில் வெள்ளைக்காரப் பண்ணைக்காரர்களும் போலீசும் குதிரையில் வந்தார்கள். தண்ணிக்குள்ள ஓடின நம்ம ஜனங்களை கரையில நின்னு சுட்டாங்க. என் அப்பாவோட பாட்டிக்கு அப்ப ஆறு வயசு. நாணலுக்குள்ள மூக்கு மட்டும் வெளிய தெரிய கிடந்தா. பக்கத்துல அவ அம்மா மிதந்துகிட்டு —

கைலா கேட்டாள், “டாரல் மாமா குடுத்த மீனெல்லாம்?”

“புதைச்சேன்மா.”

மார்ச் 10

ஞாயிறு. தூண்டிலை எடுக்கவில்லை.

மார்ச் 15

கைலா தூண்டில் இல்லாமல் போட்டிக்குப் போனாள். ஏன் என்று டாரல் கேட்டான். எல்லோர் முன்னாலும் சொன்னாள், கண்ணாடி ஏற்றுவது வரைக்கும். “சுட்டதுக்கு அடையாளம் இருக்கா பாப்பா?” என்றது ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். டாரல் கையிலிருந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் அங்கேதான் நின்றேன். வாயாடி நான். அடுத்தவர்களின் தூண்டில்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21

எங்கள் பெரியவர்கள் நகராட்சியோடு மல்லுக்கட்டி ஒரு பலகை வாங்கிவிட்டார்கள். ‘இங்கே எங்கள் மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.’ நட்டது நானும் டாரலும். சற்றுக் கோணல், குழி நான் தோண்டியது.

ஜூலை 1

பலகை முழுக்கக் குண்டுத் துளைகள். வாரக் கடைசியில் யாரோ.

நகராட்சி மேலாளர் போனில், “கழட்டிக் கொண்டுவா லெஸ். சத்தமில்லாம புதுசு மாட்டிடலாம்.”

ஸ்பேனரை போல்ட்டில் வைத்தேன். ஒரு துளைக்குள் விரல் நுழைந்தது. பின்னாலிருந்து டாரல் மெதுவாக, “அடையாளம் கேட்டாங்களேடா...”

ஸ்பேனரைப் பைக்குள் போட்டேன். ஸ்பேனர் அளவு பொருந்தவில்லை என்று மேலாளரிடம் சொன்னேன். உடனே நம்பினார். உருப்படாதவன் என்று இத்தனை வருஷம் பேர் வாங்கியது வீண்போகவில்லை.

திரும்பும்போது டாரல்தான் ஓட்டினான். மடு முடியும்வரை அவன் பக்கத்துக் கண்ணாடியும் ஏற்றியே இருந்தது. ஏற்றச் சொன்னது நானில்லை.