வெள்ளைக் கம்பத்தைத் தண்ணீர் தொட்டால்

மார்ச் 5

அன்புள்ள மனைவிக்கு,

நலம். 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தீவுக் கோட்டையைப் பார்க்க வருவதாக எழுதியிருந்தாய். வரலாம். எல்லோருக்கும் சொல்வதை உனக்கும் சொல்கிறேன். காலையில் கடல் வடிந்து கல்பாதை தெரியும். பத்து மணிக்குள் கடந்துவிட வேண்டும். பாசி வழுக்கும், செருப்பைப் பார்த்து வாங்கு. மணலில் இறங்காதே, கால் புதையும். பாதை ஆரம்பத்தில் ஒரு வெள்ளைக் கம்பம் நிற்கும். அதன் அடியைத் தண்ணீர் தொட்டிருந்தால் திரும்பிவிடு. தீவிலிருந்து யார் கூப்பிட்டாலும் சரி, நானே கூப்பிட்டாலும் சரி.

இப்படிக்கு,
கோட்டைக் காவலன்


மார்ச் 9

என் வீட்டுக்காரருக்கு,

அறிவிப்புப் பலகையைப் பெயர்த்து உறையில் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். பெண்டாட்டிக்குக் ‘கோட்டைக் காவலன்’ என்று கையெழுத்துப் போட உங்களால்தான் முடியும். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வேலைக்குக் கிளம்பிய அன்றும் இப்படித்தான். “நீயும் வா” என்பீர்கள் என்று வாசலில் நின்றேன். நீங்கள் பஸ் நேரத்தைப் பார்த்தீர்கள். அந்தக் கோபத்தில்தான் நான் இங்கேயே தங்கிவிட்டேன்.

“சேர்றதுன்னா சேரு, இல்லைன்னா விட்டுத் தொலை” என்கிறாள் அக்கா. அதை முடிவு செய்யத்தான் வருகிறேன். பழைய கோட்டையைப் பார்த்து எனக்கு என்ன ஆகப் போகிறது? ரப்பர் செருப்பு வாங்கிவிட்டேன்.

உங்கள் மனைவி (இன்னும்)


மார்ச் 15

என் வீட்டுக்காரருக்கு,

நேற்று பஸ் பஞ்சர். நான் வந்து சேர்ந்தபோது கம்பத்தின் அடியில் தண்ணீர் ஏறியிருந்தது. அந்தப் பக்கம் நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். அப்புறம் இரண்டு கையாலும் “வா, வா” என்று கூப்பிட்டீர்கள். தொப்பி விழுந்தது, அதைக்கூட எடுக்கவில்லை.

தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தும்விட்டேன். உங்கள் கடிதம் ஞாபகம் வந்தது. திரும்பிவிட்டேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுகை. கோபத்தில் இல்லை.

உங்கள் மனைவி


மார்ச் 18

அன்புள்ள உனக்கு,

நீ பஸ் ஏறுவதற்குள் பாதை மூழ்கிவிட்டது. வந்திருந்தால் நடுவில் மாட்டியிருப்பாய். அப்படியும் கூப்பிட்டேன். ஒரு காவலன் செய்யக் கூடாத காரியம், மேலதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நன்றாகத் திட்டினார். நீ திரும்பி நடந்தபோது எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, தாங்கவும் முடியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை விடியற்காலையில் கடல் வடிகிறது. முதல் ஆளாக இறங்கி நான் அங்கே வருகிறேன். இங்கே ஒரே அறைதான், ஜன்னல் சரியாகச் சாத்தாது, துணியெல்லாம் உப்புப் பிசுபிசுக்கும். பெட்டியைக் கட்டி வை. நீயும் வா.

உன் வீட்டுக்காரன்