துண்டு போட்ட இடம்

தாரிணிக் குட்டிக்கு,

நேற்று நீ பேசும்போது உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது உனக்குத் தெரியாது. "பட்டமளிப்பு எங்க காலேஜ் ஸ்டேடியத்துலம்மா. நீ மட்டும் வா. அப்பா வந்தா துண்டு போட்டு இடம் பிடிப்பார்" என்றாய். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம்தான்.

நான் செய்தவன்தானே. இங்கே மெல்பர்னில் உன் சிநேகிதிகளோடு ஃபுட்பால் மேட்ச் பார்க்கப் போனபோது, நம்பர் போட்ட சீட்களின் மேல், மதுரை பஸ்ஸில் போடுவது போலத் துண்டை விரித்தேன். "அப்பா, ப்ளீஸ்!" என்று முகத்தை மூடிக்கொண்டாய்.

ஆனால் அமெரிக்காவில் இருக்கும் உன் காலேஜ் ஸ்டேடியத்தைப் பற்றி யூடியூபில் பார்த்தேன். பத்தாம் வகுப்போடு நின்ற மண்டைக்கும் புரிந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் பூமியைக் கிண்ணம் மாதிரித் தோண்டிக் கட்டினார்களாம். ரோட்டிலிருந்து பார்த்தால் உயரமே தெரியாது. உள்ளே லட்சம் பேர். பின்னால் கூட்டம் பெருகும் என்று அப்போதே அஸ்திவாரத்தைப் பலமாகப் போட்டிருக்கிறார்கள். நாற்காலியே கிடையாது, நீளப் பெஞ்சுதான். நம்பர் இருந்தாலும் நெருக்கித்தான் உட்கார வேண்டுமாம். துண்டுக்கென்றே கட்டியது போல இருக்கிறது!

சரி, துண்டைக் கொண்டுவரவில்லை. கடைசி வரிசை போதும். கிண்ணம் என்பதால் அங்கிருந்தும் நீ தெரிவாய்.

வேண்டாமென்றால் கோபமில்லை. இங்கே மல்கிரேவ் வீட்டிலேயே டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிறேன். சோபாவில் நீ உட்காரும் மூலையில் அந்தத் துண்டுதான் கிடக்கிறது. நீ அமெரிக்கா போன நாளிலிருந்து அங்கே யாரையும் உட்காரவிடவில்லை.

உன்
அப்பா