ஒரு கண்ணை மூடிப் பார்த்த வட்டம்

பாலிகஞ்ச்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாதவிக்கு,

அப்பா ஜம்புநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. அம்மா சௌக்கியம். நான் எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள். அதனால் ஸ்பீட் போஸ்ட். வரிகள் ஏறி இறங்கினால் என் பள்ளிக்கூடத்தைத் திட்டாதே. எஸ்.எஸ்.எல்.சி.க்கு மேல் அதனால் என்னைத் தாங்க முடியவில்லை.

ஹவுராவில் ஆற்றங்கரையில் நீ பலகைகளால் நிறுத்திவிட்டுப் போன வட்டத்தைப் பார்த்துவரச் சொன்னாய் அல்லவா, காற்றில் பலகை ஏதும் நகர்ந்திருக்குமோ என்று? போன வாரம் மாடிவீட்டு ஜெயபிரகாஷையும் இழுத்துக்கொண்டு போனேன். வளைந்த மஞ்சள் பலகைகள் படித்துறையில் ஒன்று, அரசமரத்தில் ஒன்று, சேற்றில் நட்ட மூங்கிலில் ஒன்று என்று கிட்டேயும் தூரத்திலுமாகச் சம்பந்தமில்லாமல் நின்றன. நீ பதித்த சிவப்புக் கல்லில் ஏறி நின்றேன். எல்லாம் ஒன்றுகூடி ஒரே வட்டமாக ஆற்றின் மேல் தொங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜெயபிரகாஷ் விடவில்லை. ஓய், உம்ம பொண்ணு ஒரு கண்ணை மூடிண்டு பாக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டியிருக்கா, ரெண்டு கண்ணாலே பாத்தா எது கிட்ட, எது தூரம்னு தெரிஞ்சு வட்டம் பிரிஞ்சுடுமாம் என்றார். எனக்குப் பிரியவே இல்லையே என்றேன். ஆர்ட்டிஸ்டோட அப்பாவுக்குத் தனிச் சலுகை போலிருக்கு என்று சிரித்தார். சரி, மரியாதைக்கு இடது கண்ணை மூடினேன். வட்டம் மறைந்தது. மரம், ஆறு, ஜெயபிரகாஷ் எல்லாமே மறைந்தன. இதுதான் நீ செய்த வித்தை என்று நினைத்துக் கை தட்டிவிட்டேன், மாதவி. பிரமாதம், மொத்தத்தையும் காணாமப் பண்ணிட்டாளே என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, இது எத்தனை விரல், சொல்லும் என்றார். எங்கே விரல் என்று கேட்டேன்.

மறுநாள் அவரே கண் டாக்டரிடம் அழைத்துப்போனார். டாக்டர் உன் வயதுள்ள வங்காளிப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி வலது கண் மெல்ல மெல்லப் போயிருக்கிறதாம், இனித் திரும்பாதாம். கொஞ்ச நாளாக டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டுக் கோப்பையைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம் அது. இடது கண்ணிலும் அழுத்தம் ஏறுகிறது. அதற்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆபரேஷன். செய்யாவிட்டால் நிச்சயம் போய்விடும், செய்தாலும் சில பேருக்குக் கைவிட்டுவிடும் என்று சுற்றிவளைக்காமல் சொன்னாள். உன் அம்மாவிடம் புரை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அவள் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. குளியலறை வாசலில் இருந்த கால்மிதியை மட்டும் எடுத்துவிட்டாள்.

உன் பலகை ஒன்றும் நகரவில்லை. ஜெயபிரகாஷ் பார்த்துச் சொன்னது. என் சாட்சியை இனி எடுத்துக்கொள்ளாதே.

கட்ச் உப்புவெளியில் நீ நடுகிற முக்கோணம் இப்போதுதான் நிமிர்ந்துகொண்டிருக்கும். அதைப் பாதியில் விட்டுவிட்டு வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். ஆபரேஷனுக்கு முதல் நாள், வியாழக்கிழமை வர முடியுமா? வெளிச்சம் இருக்கும்போதே வந்துவிடு. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுவைக்கிறேன். என்னப்பா இப்படிப் பாக்கறேள் என்று கேட்காமல் கொஞ்ச நேரம் எதிரே உட்கார்ந்திரு. அது போதும்.

உன் கண்ணும் கையும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா